ஹரிபுரா ஓவியங்கள் காந்தி மறைந்த பிறகு வரைந்தவை அல்ல

'1948இல் காந்தி மறைந்ததும் குஜராத் கிராமத்தார் அஞ்சலியாக வரைந்த நாட்டுப்புற ஓவியங்கள்' என்று வாட்ஸ்அப்பில் சில படங்கள் சுற்றுகின்றன. தகவல் தவறு.

இவை குஜராத்தின் ஹரிபுரா கிராமத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுப் பந்தலுக்காக வரையப்பட்டவை. ஆண்டு 1938, தலைமை சுபாஷ் சந்திர போஸ். காந்தியே கேட்டுக்கொண்டதால், சாந்திநிகேதன் ஓவியர் நந்தலால் போஸ் தம் குழுவினருடன் வரைந்தார். 'பட' எனப்படும் வங்க நாட்டுப்புற ஓவிய மரபை ஒட்டிய தடித்த கோடுகள், மண் நிறங்கள். படங்களில் வரைந்த தோரண வளைவுகளுக்குள் மத்தளம் அடிப்பவர், செருப்புத் தைப்பவர் என உழைக்கும் மனிதர்கள். தலைவர்களின் உருவத்தைவிட இதுதான் காந்திக்குப் பொருத்தமான மரியாதை என்பேன்.

டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் சரிபார்க்கலாம். படங்களைத் தாராளமாகப் பகிருங்கள். அந்தக் குறிப்பை மட்டும் இனி அனுப்பாதீர்கள்.