மரத்தைப் பிடுங்குகிறோம், நெற்றை விட்டுவிடுகிறோம்

எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் நின்ற சீமைக்கருவேல மரங்களை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பொக்லைன் வைத்துத் தூரோடு பிடுங்கினார்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால், மாடுகள் படுத்துக் கிடந்த கரையோரம் முழுவதும் கீரைப்பாத்தி போலக் கன்றுகள் முளைத்திருந்தன. பிடுங்கியவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்த மரத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், அதன் நெற்றை ஒருமுறையாவது உடைத்துப் பார்த்திருக்கிறோமா என்பதே என் கேள்வி.

நன்றாகக் காய்ந்த நெற்று ஒன்றை எடுத்து ஒடித்துப் பாருங்கள். வைக்கோல் நிறத் தோலுக்கு அடியில் விரலில் ஒட்டும் இனிப்பான சதை இருக்கும். அந்தச் சதைக்குள் கெட்டியான சிறு கூடுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். கூட்டுக்கு ஒரு விதை. நகத்தால் பிளக்க முடியாத அந்தக் கூட்டைப் பாக்குவெட்டியால் நறுக்கினால், உளுந்தை விடச் சற்றே பெரிதான, தட்டையான பழுப்பு விதை வழவழப்பாக வெளியே வரும். அதன் இரு பக்கமும் குதிரை லாடம் போல ஒரு மெல்லிய கோடு ஓடுவதை வெளிச்சத்தில் பார்க்கலாம். அதை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டேன்; பெரும்பாலான விதைகள் அசையவே இல்லை. இன்னும் சிலவற்றைக் கருங்கல்லில் தேய்த்துப் போட்டேன், மறுநாளே உப்பிவிட்டன. தண்ணீர் புகாத அந்தத் தோல்தான் விதையை மண்ணுக்குள் பல ஆண்டுகள் காத்து வைக்கிறது.

குன்றிமணியின் நெற்று முற்றினால் தானே வெடிக்கும். இது வெடிக்காது, மூடியபடியே கீழே விழும். சதையின் இனிப்பு மாட்டுக்குக் கொடுக்கும் சுமைகூலி. ஆடு நன்றாக அசைபோட்டு விதைகளில் பெரும்பகுதியை நொறுக்கிவிடுகிறது என்றாலும் சில தப்பிவிடும். மாட்டின் வயிற்றில் தப்புபவை இன்னும் அதிகம். அவை சாணத்தோடு, ஈரமும் எருவும் சேர்ந்து, தாய்மரத்துக்கு வெகுதொலைவில் இறங்குகின்றன.

எல்லா மரமும் ஒன்றுபோல் காய்ப்பதில்லை. பெரும்பாலும் வேறு மரத்தின் மகரந்தத்தால் காய்ப்பதால், ஒரே வரப்பில் ஒரு மரத்தின் நெற்று நீண்டு நேராகவும், அடுத்ததன் நெற்று அரிவாள் போல வளைந்தும் இருக்கும். ஒன்று தேனாக இனிக்கும், மற்றொன்று கசந்து நாக்கைப் பிடிக்கும். மாடு எந்த மரத்தடிக்குப் போகும் என்று சொல்லவும் வேண்டுமோ? இதன் அமெரிக்க உறவுகளில் ஒன்றின் நெற்று திருகாணி போலச் சுருண்டிருக்கும். நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியும் இந்தக் கூட்டத்தில்தான் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தது. 2022இல் தாவரவியலாளர்கள் பேரினத்தைப் பிரித்து, வன்னியைப் புரோசோபிஸ் என்ற பழைய பெயரிலேயே விட்டு, சீமைக்கருவேலத்தை நெல்டூமா என்ற பெயருக்கு மாற்றினார்கள். வன்னியின் இளங்காயை ராஜஸ்தானில் சாங்கிரி என்று கறி சமைக்கிறார்கள். பெருவில் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான மரத்தின் நெற்றைக் காய்ச்சி அல்காரோபினா என்ற பாகு எடுக்கிறார்கள்.

ஆகவே, மரம் அகற்றும் பணிக்கு நாள் குறிப்பவர்கள் நெற்றுப் பழுப்பதற்கு முன்பு குறிக்க வேண்டும் என்பது என் கருத்து. நெற்று உதிர்ந்த பிறகு மரத்தைப் பிடுங்கி, அந்த மண்ணையும் கிளறிவிடுவது விதைப்பதற்குச் சமம். விழுந்ததைப் பொறுக்கி மாட்டுக்கு அப்படியே போடுவதும் கூடாது; விதை நொறுங்கும்படி அரைத்து, மற்றத் தீவனத்தோடு அளவாகக் கலந்துதான் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர் மில்லில், சர்க்கரை இளகிக் கல்லில் ஒட்டிக்கொள்ளும் என்று முதலில் அரைக்க மறுத்தார்கள். நான்கு நாள் வெயிலில் போட்டு, கையில் எடுத்தால் மளுக்கென்று ஒடியும் பதத்தில், சூடு ஆறுவதற்குள் கொண்டுபோனபோது அரைபட்டது.