கழுத்தைக் கொடுத்தவர்கள்

கூரை இடிந்துபோன எங்கள் ஆலயம் ஒருவழியாக எழுந்து நின்றுவிட்டது. அர்ப்பணிப்பு ஆராதனையும் முடிந்தது. வாசலில் ஒரு கல்வெட்டு. திறந்து வைத்தவர், ஜெபித்தவர், பெருந்தொகை கொடுத்தவர்கள், கட்டுமானக் குழுவினர் என்று வரிசையாகப் பெயர்கள். கடைசி வரியில் இப்படி இருக்கிறது: "மற்றும் சரீர உதவி செய்த அனைவரும்."

இந்த "மற்றும் அனைவரும்" பற்றித்தான் எழுத வந்தேன்.

அன்றைக்கு ஆராதனை முடிந்ததும், "உழைத்த தன்னார்வலர்கள் எல்லாரும் எழுந்து நில்லுங்கள், கைதட்டி நன்றி சொல்வோம்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் உள்ளேயே இல்லை. வெளியே வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டும் கூடுதல் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டும் இருந்தார்கள். உள்ளே இருந்தவர்களிலும் பலர் எழவில்லை. எழுந்து நிற்கிற அளவுக்கு நாம் என்ன செய்துவிட்டோம் என்கிற கூச்சம். வேலை நடந்த இடத்தில் நான் ஒருநாளும் பார்த்திராத இரண்டு பேர் மட்டும் முதல் ஆளாக எழுந்து நின்றார்கள். சரி, அதை விடுங்கள்.

வேதாகமத்தில் நெகேமியாவின் மூன்றாம் அதிகாரத்தை வாசிக்கும்போது நம்மில் பலர் வேகமாகத் தாண்டிப் போய்விடுவோம். எருசலேமின் இடிந்த மதிலை யார் யார் எந்தப் பகுதியில் கட்டினார்கள் என்ற பட்டியல் அது. "அவன் அருகே இன்னார், அவர்கள் அருகே இன்னார்" என்று போய்க்கொண்டே இருக்கும். நானும் தாண்டிப் போனவன்தான். ஆலய வேலை முடிந்த பிறகு மறுபடி எடுத்து நிதானமாக வாசித்தேன். தட்டார்கள் கட்டியிருக்கிறார்கள். தைலக்காரர் ஒருவர் கட்டியிருக்கிறார். சல்லூம் என்பவர் தன் மகள்களையும் கூட்டிக்கொண்டு வந்து கட்டியிருக்கிறார். குப்பைமேட்டு வாசலைப் பழுதுபார்த்த மல்கியா ஒரு மாகாணத்துப் பிரபு! பாரூக் என்பவர் ஜாக்கிரதையோடு வேலை செய்தார் என்று தனியாக ஒரு சொல் சேர்த்திருக்கிறார் எழுதியவர். 52 நாளில் மதில் முடிந்துவிட்டது. அந்த அவசரத்திலும் யாரோ ஒருவர் கணக்கு வைத்திருந்திருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது தெக்கோவா ஊராரைப் பற்றிய வரி. ஊர் மக்கள் வந்து கட்டினார்கள், ஆனால் அவர்களுடைய பிரபுக்கள் அந்த வேலைக்குத் தங்கள் கழுத்தைக் கொடுக்கவில்லை, அதாவது தோள் கொடுத்து உழைக்க வரவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 2,400 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தப் பிரபுக்களின் பெயர் தெரியாது. வராதது மட்டும் தெரியும்.

நம் கல்வெட்டில் இருப்பது இதற்கு நேர் எதிர். அங்கே பெயரோடு இருப்பவர்கள் இங்கே "அனைவரும்" ஆகிவிட்டார்கள்.

கட்டட வேலையில் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காங்கிரீட் போடுகிற நாள் ஒரு திருவிழா மாதிரி. கூட்டம் சேரும், ஜெபம் நடக்கும், எல்லார் கையிலும் கைபேசி, ஆளுக்கொரு சட்டி கலவை எடுத்துக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆனால் கூரையின் பலம் அந்த மறுநாளிலிருந்துதான் தொடங்குகிறது. குறைந்தது ஏழு நாள், முடிந்தால் இன்னும் கூடுதலாக, காயவிடாமல் தண்ணீர் விட வேண்டும். ஈரம் இருந்தால்தான் சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும். சீக்கிரம் காய்ந்துவிட்டால் வெடிப்பு விடும், பலமும் குறையும். எங்கள் கூரைக்குக் காலையும் மாலையும் ஏறித் தண்ணீர் விட்டவர் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். ஒரு படத்திலும் அவர் இல்லை. படம் எடுக்க அங்கே யார் இருந்தார்கள்?

அதே மாதிரிதான் செங்கல் தேய்த்தவர்களும். இடிபாட்டில் உடையாமல் கிடந்த கற்களைப் பொறுக்கி, ஒட்டியிருந்த பழைய சாந்தைக் கொத்தி எடுத்து, கழுவி அடுக்க வேண்டும். விரல் தோல் உரிகிற வேலை. பெரும்பாலும் பெண்கள்தான் செய்தார்கள். அவர்களில் மூன்று பேர் எங்கள் சபையே அல்ல, வேறு மதத்தவர்கள். பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கிறார்கள், அதனால் வந்தோம் என்றார்கள். அர்ப்பணிப்பு நாளில் அவர்களுக்கு அழைப்பிதழ் கொடுத்தார்களா என்று விசாரித்தேன். யாரும் நினைக்கவில்லையாம்.

பணம் கொடுத்தவர்களைக் குறைத்துப் பேசவில்லை. பணம் இல்லாமல் கம்பி வராது. ஆனால் பணத்தைக் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவின் பர்மிங்காமில் 16ஆவது தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் 1963இல் இனவெறியர்கள் குண்டு வைத்தார்கள். நான்கு சிறுமிகள் இறந்தார்கள். உடைந்த ஜன்னலுக்குப் பதிலாக ஒரு கண்ணாடி ஓவியம் செய்து தர வேல்ஸ் நாட்டு மக்கள் காசு சேர்த்தார்கள். ஒருவர் அரை கிரவுனுக்கு (அந்நாளைய ஒரு பிரிட்டிஷ் நாணயம்) மேல் தர வேண்டாம் என்று சொல்லித்தான் அந்த வசூலே நடந்தது. பணக்காரர் ஒருவரே முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டால் அது மக்களின் ஜன்னலாக இருக்காதே!

பாரிஸ் நோத்ர தாம் பேராலயம் 2019 ஏப்ரலில் எரிந்ததும் 2024 டிசம்பரில் மறுபடி திறந்ததும் எல்லாருக்கும் தெரியும். கோபுர உச்சியில் நிற்கிற பொன்னிறச் சேவலுக்குள் ஒரு குழாயை வைத்து மூடியிருக்கிறார்கள். சீரமைப்பில் பங்குபெற்ற சுமார் 2,000 பேரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. தரையிலிருந்து 96 மீட்டர் உயரம். யாரும் போய் வாசிக்கப் போவதில்லை. அவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு உழைத்த கைவினைஞர்கள்தான், தன்னார்வலர்கள் அல்லர். அதனால் என்ன? எங்கள் மேஸ்திரியும் சித்தாள்களும் கூலி வாங்கினார்கள்தான். பொழுது சாய்ந்த பிறகும் நின்று வேலையை முடித்துக் கொடுத்த நாட்களுக்கு யார் கூலி கொடுத்தது?

"நாங்கள் பெயருக்காகச் செய்யவில்லை, இடது கைக்குத் தெரியாமல் செய்தோம்" என்று சிலர் சொல்வார்கள். உண்மையாகவே சொல்கிறவர்களை விட்டுவிடலாம். ஆனால் இயேசு சொன்ன இந்த வசனம் உழைத்தவர்களிடம் மட்டும்தான் நினைவூட்டப்படுகிறது. கல்வெட்டில் பெயர் கேட்டு வருகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

மேடை, சான்றிதழ், கேடயம் இதிலெல்லாம் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இங்கிலாந்தின் கோவென்ட்ரி பேராலயம் 1940இல் ஜெர்மன் குண்டுவீச்சில் அழிந்தது. 1961இல் ஜெர்மன் இளைஞர்கள் அங்கே வந்து, இடிபாட்டின் ஒரு பகுதியைக் கட்டிக் கொடுத்தார்கள். 1965இல் பிரிட்டிஷ் இளைஞர்கள் டிரெஸ்டனுக்குப் போய், பிரிட்டிஷ் குண்டுகளால் இடிந்த மருத்துவமனையில் வேலை செய்தார்கள். வந்து செங்கல் தூக்கியவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவர்களுக்குத் தேவைப்படும்போது நாமும் போய் நிற்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்களோடு கல் தேய்த்த அந்த மூன்று பேரின் வீட்டில் நாளைக்கு ஒரு சுவர் விழுந்தால் எத்தனை பேர் போவோம்?

இப்போதைக்கு ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். யார், எந்த நாள், என்ன வேலை என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். 61 பெயர் சேர்ந்திருக்கிறது. கல் தேய்த்த ஒரு அக்காவிடம் போனபோது, "எனக்குப் பேரெல்லாம் எதுக்குப்பா? நான் தேய்ச்ச கல்லு தெற்குச் சுவருக்குள்ள இருக்கு" என்றார். அதையும் அப்படியே எழுதிக்கொண்டேன். கூரைக்குத் தண்ணீர் விட நீளமான ரப்பர் குழாய் ஒன்றை யாரோ கொடுத்தார்கள், பெரியவருக்கும் பெயர் நினைவில்லை. தெரிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், 62ஆவது வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.