துளையின் பக்கத்தில் யார் நின்றார்கள்?

மண் ஆய்வு அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுகிறார்கள். தாங்குதிறன் எவ்வளவு, அஸ்திவாரம் எத்தனை ஆழம், அவ்வளவு போதும் அவர்களுக்கு. நான் முதலில் பார்ப்பது போர் லாக்கை, அதாவது மண்ணில் துளை போடும்போது எந்த ஆழத்தில் என்ன மண் வந்தது என்று எழுதிய பதிவை. துளை போடும்போது பக்கத்தில் இன்ஜினியர் நின்றாரா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

துளைக்குள் ஒரு குழாயை அடித்து இறக்கி மண் எவ்வளவு கெட்டி என்று பார்க்கும் எஸ்பிடி சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 63.5 கிலோ சுத்தியல் 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். அந்த அடியில் குழாயை 150 மில்லிமீட்டர் வீதம் மூன்று தடவை இறக்குவோம். முதல் தடவையை விட்டுவிட்டு மற்ற இரண்டின் அடிகளைக் கூட்டினால் வருவது 'N' வேல்யூ; அது கூடினால் மண் கெட்டி என்று அர்த்தம். சொல்ல எளிது. ஆனால் கயிறு இழுப்பவர் சாயங்காலம் களைத்துப்போய் ஒரு சாண் குறைவாகத் தூக்கினால் அடிகளின் எண்ணிக்கை ஏறிவிடும். இளகிய மண் காகிதத்தில் கெட்டி மண்ணாகிவிடும். அறையில் உட்கார்ந்து அறிக்கை எழுதுகிறவருக்கு இது எப்படித் தெரியும்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் ரிக் (துளை போடும் இயந்திரம்) ஆபரேட்டர் என்னைக் கூப்பிட்டு, "சார், தண்ணி கலர் மாறுது பாருங்க" என்றார். துளையிலிருந்து வெளியே வரும் தண்ணீரை நான் கவனிக்கவே இல்லை. அடுத்து எடுத்த ஸ்பிளிட் ஸ்பூனை (மண் மாதிரி எடுக்கும், இரண்டாகப் பிரிக்கக்கூடிய குழாய்) திறந்தால் மேல் பாதியில் பழுப்புக் களிமண், கத்தியால் கீறினால்தான் கோடு விழுகிறது. கீழ் பாதியில் கரும்சாம்பல் களிமண், கட்டைவிரல் அப்படியே உள்ளே போனது. ஒரே குழாயில் இரண்டு உலகம். அதற்கப்புறம் ரிக்கை விட்டு நகர்ந்து நிற்க எனக்கு மனசு வருவதில்லை.

"இத்தனை மீட்டர் போதும், செலவு ஏறுது" என்று பாதியில் நிறுத்தச் சொல்கிறவர்களுக்கு நான் சொல்வது கனடாவின் டிரான்ஸ்கோனா தானியக் கிடங்கு கதை. 1913 அக்டோபரில் தானியம் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே சரியத் தொடங்கி, கிட்டத்தட்ட 27 டிகிரி சாய்ந்துவிட்டது. கட்டுவதற்கு முன்பு மண்மேல் சின்னத் தகடு வைத்துச் சுமைச் சோதனை செய்துதான் இருந்தார்கள். ஆனால் சின்னத் தகட்டின் சுமை மேல்மண்ணோடு நின்றுவிடும். அகலமான கட்டடத்தின் சுமை பல மீட்டர் கீழே வரை போகும். 1951-ல் துளை போட்டுப் பார்த்தபோது மேலே கெட்டிக் களிமண், அதற்கடியில் இளகிய களிமண். அந்த ஒரு துளையை முதலிலேயே போட்டிருக்கலாம்.

ஆகவே வேலை கொடுக்கும்போது ஒரு மீட்டருக்கு எவ்வளவு என்று பேரம் பேசுவதோடு, களத்தில் யார் நிற்பார் என்றும் கேளுங்கள். சேறு பட்ட தாளில் "தண்ணீரின் நிறம் மாறியது" என்று ஆழத்தோடு ஒரு வரி கையெழுத்தில் இருந்தால், அந்த லாக்கை நான் நம்புவேன்.