ஏர் சஸ்பென்ஷன் பையில் டீசல் தடவாதீர்கள்

“ஆஃப்-ரோடு வண்டியின் ஏர் சஸ்பென்ஷன் பைகளில் மாதம் ஒருமுறை டீசலோ கிரீஸோ தடவினால் ரப்பர் வெடிக்காது” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இந்தப் பைகள், ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும், காற்று நிரப்பிய ரப்பர் பைகள். அந்தச் செய்தி தவறு. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி உப்பி வலுவிழக்கும். அதைவிட மோசம், அந்தப் பிசுக்கில் மணல் ஒட்டிக்கொண்டு, பை மடங்கி விரியும் இடத்தை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும்.

சேற்றில் ஓட்டி வந்தால் வண்டியை உயர்த்தி நிறுத்தி, மடிப்புகளில் உள்ள மண்ணைச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள், போதும். கசிவு இருந்தால் அங்கே குமிழி வரும். ஆனால் வண்டியைத் தாங்க ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் மட்டும் போகாதீர்கள். காற்று இறங்கினால் வண்டியும் இறங்கிவிடும்.

வண்டியின் கையேட்டிலும் பை தயாரிப்பாளரின் பராமரிப்புக் குறிப்பிலும் சரிபார்த்துக்கொள்ளலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.