உங்க பாட்டிக்கு மாலை, பக்கத்துக் குழிக்குச் செருப்பா?

கல்லறைத் திருநாள் முடிந்து மூன்று நாளாகிவிட்டது, எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. கொட்டிவிடுகிறேன்.

நவம்பர் 2 எங்கள் ஊர்ப் பக்கம் கத்தோலிக்க வீடுகளில் எவ்வளவு பெரிய நாள் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு வாரம் முன்னாலேயே போய்ப் புல் வெட்டி, பாசி சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, சிலுவையில் மங்கிப்போன பெயர் மேல் கறுப்புப் பெயின்ட் ஓட்டி வைத்துவிடுவோம். அன்றைக்குச் சாயங்காலம் செவ்வந்தி, கோழிக்கொண்டை, மெழுகுவர்த்தி, சாம்பிராணி. பூசை முடிந்து சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே வருவார். அடைமழைக் காலம், தரையெல்லாம் சேறு, காற்றில் திரி நிற்காது, கையைக் குவித்துக்கொண்டு நிற்போம். அம்மா போய் ஆறு வருஷம். அவள் பக்கத்தில் அந்த ஒரு மணி நேரம் நிற்கத்தான் நான் பஸ் ஏறிப் போகிறேன்.

இந்த வருஷம் போனால் அம்மா கல்லறை மேல் ஒரு கூடை, இரண்டு ஹேண்ட்பேக், ஒரு ஆள். காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு யாரிடமோ பத்திரப் பதிவு விஷயம் பேசிக்கொண்டிருக்கிறார். பூவும் கையுமாக எதிரே நிற்கிற என்னைப் பார்த்தும் பேச்சு நிற்கவில்லை. "அண்ணே, எந்திரிங்க, இது எங்க அம்மா கல்லறை" என்றேன். "இரும்மா, சாமியார் இந்தப் பக்கம் வரட்டும், எந்திரிக்கிறேன்" என்கிறார்! சாமியாருக்கு எழுந்திருப்பாராம், எங்க அம்மாவுக்கு எழுந்திருக்க மாட்டாராம். அவர் குடும்பத்துக் கல்லறை இரண்டு அடி தள்ளித்தான் இருக்கிறது, பளபளவென்று கிரானைட், அதன் மேல் ஒரு தூசி இல்லை. அதில் உட்கார வேண்டியதுதானே?

இதை ஆபீசில் சொன்னபோது கூட வேலை பார்க்கிற பாய் ஒருவர், கபர் மேல் உட்காருவதைவிட நெருப்புக் கங்கு மேல் உட்காருவது மேல் என்று நபிமொழியே இருக்கிறது என்றார். கேட்டதும் எனக்கு அந்தக் கிரானைட் அண்ணன் முகம்தான் ஞாபகம் வந்தது.

சரி, அம்மாவுக்காவது சிமென்ட் மேடை இருக்கிறது, உட்கார்ந்தால் எழுப்பலாம். காசில்லாதவர்களின் மண் குழிகளை என்ன செய்வது? எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பின் மதில் ஓரமாகப் பச்சைக் குழந்தைகளைப் புதைத்த வரிசை ஒன்று இருக்கிறது. முழ நீள மண்மேடு, தலைமாட்டில் இரண்டு குச்சியைக் கட்டிய சிலுவை, அவ்வளவுதான். சுற்றிப் போனால் இருபது அடி கூடுதல் என்று மொத்தக் கூட்டமும் அதன் மேலேயே ஏறி மிதித்துப் போகிறது. செருப்புத் தடம் பதிந்து பதிந்து மூன்று மேடு தரையோடு தரையாகிவிட்டது. காலி ஊதுபத்தி டப்பா, பூ வந்த பிளாஸ்டிக் கவர், தண்ணீர் பாட்டில் எல்லாம் அங்கேதான் போகிறது. ஒரு பெரியம்மா பேரனைக் கூப்பிட்டு, "அதுல ஒண்ணும் இல்லடா, மண்ணுதான், மிதிச்சு வா" என்கிறாள், கையில் செபமாலையோடு.

மெழுகு பொறுக்கி உருண்டை உருட்டுகிற பையன்களை நான் திட்ட மாட்டேன், நானும் ஒரு காலத்தில் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு உருட்டியவள்தான். அந்தப் பொடியன்களுக்கு எந்த இடுக்கில் கால் வைக்க வேண்டும் என்று தெரிகிறது. தவறு செய்வதெல்லாம் பெரியவர்கள்தான்.

கூட்டம் அதிகம், என்ன செய்வது என்று சமாதானம் வேறு. அந்த ஒரே சாயங்காலம்தான் வர வேண்டும் என்று யார் சொன்னது? கல்லறையைச் சந்தித்து இறந்தவர்களுக்காக வேண்டினால் கிடைக்கிற பரிபூரண பலன், அதாவது அவர்களுடைய பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்குகிற சலுகை, நவம்பர் 1 முதல் 8 வரை எந்த நாள் போனாலும் உண்டு. 2020இல் கொரோனாவுக்காக ரோமே அதை மாதம் முழுக்க நீட்டித்தது. ஆனால் 5ஆம் தேதி போய்ப் பாருங்கள், ஈ காக்கை இருக்காது, அழுகின பூவும் நாயும்தான். புதைத்த இடத்தில் அத்துமீறினால் ஒரு வருஷம் வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதா 301ஆம் பிரிவு இருக்கிறது, வேண்டுமென்றே புண்படுத்துகிறவர்களுக்கு. இவர்கள் வேண்டுமென்றா செய்கிறார்கள்? கீழே பார்க்கவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

மறுநாள் காலையில் கத்தியோடு போய் அம்மா மேடையில் ஒட்டியிருந்த அடுத்தவர் மெழுகைச் சுரண்டினேன். அப்புறம் மதில் ஓரம் போய், சாய்ந்து கிடந்த ஒரு குச்சிச் சிலுவையை நிமிர்த்தி, உடைந்த செங்கல் நாலைச் சுற்றி வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் என் மகள் ஒரு ரீல்ஸ் காட்டினாள், எங்கள் கல்லறைத் தோட்டம்தான். கறுப்புச் சட்டை போட்ட ஒரு தம்பி, கையில் மெழுகுவர்த்தி, சோகமாக மேலே பார்க்கிறான், பின்னால் வயலின். ஷூ போட்ட இரண்டு காலும் நான் செங்கல் வைத்த அதே மேட்டின் மேல். மேலே பெரிய எழுத்தில் "மிஸ் யூ பாட்டி."