வேற கம்பெனி ட்ரிம் பழைய டைவர்ட்டர்ல உட்காராது

ஷவர் சொட்டினா ட்ரிம் செட் (வெளியில தெரியுற கைப்பிடியும் தகடும்) மாத்துங்க, எந்த கம்பெனி ட்ரிம்மும் பழைய டைவர்ட்டர் பாடியில (தண்ணியை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பி விடுற, சுவத்துக்குள்ள இருக்கிற வால்வு) உட்காரும்னு ஒரு அண்ணா எழுதியிருக்கார். ரெண்டுமே தப்பு. நம்பி வாங்கினா பணம் வீணாயிடும்.

மூடின பிறகும் சொட்டுதுன்னா கோளாறு உள்ளே தண்ணியைத் திறந்து மூடுற கார்ட்ரிஜ்ல. கைப்பிடியும் தகடும் வெறும் மேல் மூடிதான், தண்ணியை அடைக்கிற வேலை அதுக்கு இல்லை. வேலூர் பக்கம் போர் தண்ணியில உப்பு அதிகம். அது கார்ட்ரிஜ் செராமிக் தட்டுகளுக்கு நடுவுல படியும், ஓ-ரிங்கிற ரப்பர் வளையத்தையும் கெடுக்கும்.

முதல்ல டேங்க் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணியை வடிச்சிடுங்க. கைப்பிடியில சின்ன மூடியைத் தூக்கினா உள்ளே ஆலன் ஸ்க்ரூ (தலையில ஆறுமூலைக் குழி உள்ள திருகு) இருக்கும், அதைக் கழட்டுங்க. அடுத்து தகடு, பிறகு கார்ட்ரிஜைப் பிடிச்சிருக்கிற நட். உப்பு பிடிச்ச நட்டை முரட்டுத்தனமா திருகாதீங்க, பாடியோட மரையே போயிடும், அப்புறம் டைல்ஸ் உடைக்கணும். வினிகர்ல நனைச்ச துணியை அரை மணி நேரம் சுத்தி வைங்க, இளகும்.

பழைய கார்ட்ரிஜைக் கையோட கடைக்கு எடுத்துட்டுப் போங்க. 35 எம்எம், 40 எம்எம் ரெண்டும் பார்வைக்கு ஒண்ணு போலவே இருக்கும். அடிப்பக்க முளையும் ஓட்டைகளும் ஒத்துப் போகணும்.

ட்ரிம் கறுத்துப்போய் மாத்துறதுன்னா அதே கம்பெனி, அதே மாடல்தான். கைப்பிடி உட்காரும் தண்டோட வடிவம், ஸ்க்ரூ இடைவெளி, சுவத்துக்குள்ள பாடி இருக்கிற ஆழம் எல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். தகட்டைச் சுத்தி சிலிக்கான் அடிக்கும்போது கீழ்ப்பக்கம் கொஞ்சம் விட்டுடுங்க, உள்ளே கசிஞ்சா வெளியில தெரியும்.