அங்கோரா முயல் பொம்மை இல்லை சாமி!

"வாரத்துக்கு ஒரு தடவை சீவி விட்டால் போதும் மேடம்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். வாய் கூசாதா? கம்பளி முடிக்கென்றே வளர்க்கும் இந்த அங்கோரா முயலின் முடி மாதத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும். அதிலும் ஜெர்மன் அங்கோரா வகை என்றால் தானாக உதிரவும் உதிராது; மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒட்டக் கத்தரித்தே ஆகவேண்டும். அதைச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் இல்லையா? இந்த லட்சணத்தில் சென்னை வெயிலில் வேறு விற்கிறார்கள், குளிர்நாட்டு முயலை!

கடைசியில் சிக்கு விழுந்ததும் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். "அக்கா, கொஞ்சம் பார்த்து விடுங்களேன்." போன வாரம் ஒன்று வந்தது. மேலே பார்த்தால் பஞ்சுப் பொதிதான். புரட்டினால் அக்குளிலும் வாலடியிலும் முடி கெட்டியாக இறுகி, மூத்திரமும் புழுக்கையும் சேர்ந்து ஒட்டி, காலை நீட்டினாலே தோல் இழுபடுகிறது. அதை இழுத்துப் பிடித்து வெட்டவும் முடியாது. இழுத்தால் மெல்லிய தோலும் கூடவே எழும்பும், கத்தரி அங்கேதான் பாயும். முலைக்காம்பு எங்கே என்று விரலால் தடவிப் பார்த்துப் பார்த்து, கத்தரி நுனியால் துளித்துளியாக எடுக்க வேண்டும். முயல் துள்ளினால் அம்போ. பெட்டியில் வைத்திருந்ததோ கேரட்! காய்ந்த புல் இல்லாமல், நக்கி விழுங்குகிற முடி வயிற்றை விட்டு எப்படி வெளியேறும்? முயலுக்கு வாந்தி எடுக்கவும் வராது.

இதில் உச்சம், நாய்க்கு முடி வெட்டும் கடை ஒன்றில் அதை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி அனுப்பியிருக்கிறார்கள். நனைந்தால் சிக்கு இன்னும் இறுகும் என்பதுகூடத் தெரியாமல் என்ன கடை நடத்துகிறீர்கள்? அந்தப் பயத்திலும் குளிரிலும் முயல் செத்தே போகலாம்.

இவ்வளவுக்கும் நடுவில் நான் கத்தரியை எடுத்தால் "பாவம், வலிக்காதா?" என்று ஒரு பஞ்சாயத்து. 2013-ல் சீன அங்கோரா பண்ணைகளில் உயிரோடு முடியைப் பிடுங்கிய வீடியோவைப் பார்த்தவர்கள், பதறுவது நியாயம்தான். ஆனால் பிடுங்குவது வேறு, கத்தரிப்பது வேறு. மாதக்கணக்கில் சிக்கோடு விட்டது வலிக்கவில்லையா?

முயலைக் கொண்டுவந்த அதே ஆள் கிளம்பும்போது கேட்கிறார்: "இவ்வளவு முடி வந்திருக்கே, எனக்கு ஒரு மஃப்ளர் பின்னித் தருவீங்களா?" சிக்குப் பிடித்த முடியில் நூல் நூற்க முடியாது, அது நேரே குப்பைக்குத்தான். வேண்டுமானால் மூத்திர நாற்றத்தோடு ஒரு பை கட்டித் தருகிறேன், கழுத்தில் சுற்றிக்கொள்ளட்டும்.